அங்கே நிற்பவரைத் தேடி

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை தாண்டியது. மறைமலை நகரில் இருக்கும் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாததால், 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மின்சாரம் நின்ற வீடுகளில் தொலைக்காட்சியும் இல்லை. அந்த நாட்களில் நகரத்து மக்கள் கேட்டுத் தவித்தவை பெரும்பாலும் ஒரே வகைக் கேள்விகள். சைதாப்பேட்டைப் பாலத்தில் போக விடுகிறார்களா? கோட்டூர்புரத்தில் தண்ணீர் முதல் மாடிவரை ஏறிவிட்டதா? முடிச்சூரில் அம்மா இருக்கும் தெருவுக்குப் படகு வந்ததா? இவற்றுக்கான விடை எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை. பாலத்து முனையில் நின்ற காவலருக்குத் தெரியும். எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஒதுங்கியவருக்குத் தெரியும். கேட்டவருக்கும் தெரிந்தவருக்கும் அறிமுகம் மட்டும் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வந்து நின்றன.

ஓர் இடத்தைப் பற்றிய கேள்வியைச் சமூக ஊடகத்தில் முகம் தெரியாத பலர் முன் வைத்து விடை பெறும் இந்த வழக்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், கூட்டத்துக்குத் தனி மனிதரைவிட அறிவு அதிகம் என்ற கருத்தைத் துணைக்கு அழைப்பார்கள். அதற்குக் காட்டப்படும் பழைய சான்று பிரான்சிஸ் கால்டனுடையது. 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கண்காட்சியில், ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தபின் எடை எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. 787 சீட்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தார் கால்டன். நடுவில் விழுந்த ஊகம் 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. ஊகத்துக்கு இந்த வழி பொருந்தும், ஏனென்றால் மாட்டை எல்லோரும் பார்த்தார்கள். ஒவ்வொருவரின் பிழையும் இன்னொருவரின் பிழையால் கழிந்துபோனது. முடிச்சூரில் ஒரு தெருவின் தண்ணீர் மட்டத்தை ஒரு லட்சம் பேர் ஊகித்து, அதன் நடு மதிப்பை எடுத்தாலும் ஒரு பயனும் இல்லை. அங்கே நிற்கும் ஒருவர் சொன்னால் போதும். ஆகவே இத்தகைய கேள்விகளில் கூட்டத்தின் வேலை பதில் சொல்வது என்று நான் கருதவில்லை. கேள்வியைக் கைமாற்றி, தெரிந்த அந்த ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. இதை ஒப்புக்கொண்டால், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற கணக்கு பின்னுக்குப் போய்விடும். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது, பதில் எந்த நேரத்துக்கு உரியது, யார் அதை முடித்துவைத்தார்கள் என்பவையே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டி. 2009 டிசம்பர் 5 அன்று, பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா, எட்டடி விட்டமுள்ள பத்துச் சிவப்பு பலூன்களை நாட்டின் பத்து இடங்களில் கட்டிப் பறக்கவிட்டது. பத்தும் இருக்குமிடத்தை முதலில் சொல்லும் அணிக்குப் பரிசு 40,000 டாலர். எம்.ஐ.டி. அணி ஒன்பது மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டது. அவர்கள் பரிசுப் பணத்தைப் பங்கிட்ட விதத்தில் சூட்சுமம் இருந்தது. பலூனைப் பார்த்துச் சொன்னவருக்கு 2,000 டாலர். அவரை இதில் சேர்த்துவிட்டவருக்கு 1,000. அந்தச் சேர்த்துவிட்டவரைச் சேர்த்தவருக்கு 500. இப்படியே மேலே போகும். பலூன் எதுவும் கண்ணில் படவே வாய்ப்பில்லாத ஊரில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதனால் செய்தியைத் தள்ளிவிட ஒரு காரணம் கிடைத்தது. பார்ப்பவரைத் தேடுவதற்கு, பார்க்க முடியாத பலர் வேண்டியிருக்கிறது என்பதை அந்த அணி புரிந்துகொண்டிருந்தது. பொய்த் தகவல்களும் வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்த வழிகளில் ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உண்மையான பலூனைப் பார்த்தவர்கள் வரைபடத்தில் வைத்த புள்ளிகள் ஒன்றுக்கொன்று சற்றே விலகியிருந்தன. கூட்டுச் சேர்ந்து பொய் சொன்னவர்களின் புள்ளிகள் அச்சு அசலாக ஒரே இடத்தில் விழுந்தன. சாட்சிகள் பார்த்ததைத் தாம் நின்ற இடத்திலிருந்து சொல்கிறார்கள், நகலெடுப்பவர் நகலெடுக்கிறார். இன்று வாட்ஸ்அப்பில் எழுத்துப் பிசகாமல் சுற்றிவரும் எந்தச் செய்தியையும் சோதிக்க இந்த அளவுகோல் போதும்.

பணம் இல்லாமலும் இது நடக்கும். ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஒரு சோதனையில், விமான நிலையத்தில் இருப்பதாக ட்விட்டரில் எழுதியவர்களைத் தேடிப்பிடித்து, பாதுகாப்புச் சோதனை வரிசையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று நேரடியாகக் கேட்டார்கள். கேட்டவர் யாரென்றே தெரியாத நிலையில் 42 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். வந்த பதில்களில் 44 சதவீதம் அரை மணி நேரத்துக்குள் வந்தவை. கூகுள் 2010இல் வாங்கி மறு ஆண்டே மூடிவிட்ட ‘ஆர்ட்வார்க்’ என்ற சேவையும் இதே தத்துவத்தில் ஓடியது. கேள்வியை எல்லோர் முகத்திலும் எறியாமல், அந்த ஊரையோ விஷயத்தையோ அறிந்திருக்கக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் மட்டும் கேட்கும். பாதிக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பத்து நிமிடத்துக்குள் முதல் பதில் வந்துவிட்டது. பொதுவாக ‘யாராவது சொல்லுங்களேன்’ என்று கேட்டால் பிறர் சொல்வார்கள் என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். பெயர் சொல்லி, கண்ணெதிரே இருக்கும் ஒன்றைப் பற்றி, ஒரு வரியில் முடியும்படி கேட்டால் மனிதர்கள் பதில் சொல்லத் தயாராகவே இருக்கிறார்கள். உதவும் மனத்துக்கு இங்கே பஞ்சமில்லை. கேட்கும் முறைக்குத்தான் பஞ்சம்.

சென்னை வெள்ளத்தில் உதவும் மனம், கேட்கும் முறையின் பஞ்சம் இரண்டையும் பார்க்க முடிந்தது. ‘சென்னை ரெயின்ஸ் ஹெல்ப்’ என்ற ஹேஷ்டேக்கில் உதவி கேட்டவர்களும் தருவதாகச் சொன்னவர்களும் வந்து குவிந்தார்கள். அவற்றைப் பொறுக்கி கூகுள் ஷீட்டில் பகுதிவாரியாக அடுக்கியவர்களில் பலர் வேறு ஊர்களிலும் வேறு நாடுகளிலும் இருந்தார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலரான அருண் கணேஷ் உருவாக்கிய வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு தெருவைத் தொட்டு, அது மூழ்கியிருக்கிறது என்று குறிக்கலாம். சில நாட்களில் ஆயிரக்கணக்கான தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன. அரசு வரைபடம் எதுவும் தெரு அளவில் அப்போது மக்கள் கையில் இல்லை என்பதை நினைத்தால் இது பெரிய காரியம். ஆனால் அதே நாட்களில், மீட்கப்பட்டு உறவினர் வீட்டுக்குப் போய்ச்சேர்ந்துவிட்ட குடும்பத்தைக் காப்பாற்றச் சொல்லும் செய்தி இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது அரசும் தன்னார்வப் பொறியாளர்களும் சேர்ந்து நடத்திய ‘கேரளா ரெஸ்கியூ’ தளத்திலும் இதே சிக்கல்தான். வளைகுடாவில் இருக்கும் மகனும் பெங்களூரில் இருக்கும் மகளும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே பெற்றோருக்காகத் தனித்தனியே பதிவு செய்தார்கள். தன்னார்வலர்கள் எண்களை ஒவ்வொன்றாக அழைத்து, யார் மீட்கப்பட்டார்கள், யார் இன்னும் காத்திருக்கிறார்கள் என்று பிரிக்க வேண்டியிருந்தது.

இந்தத் தடுமாற்றத்துக்கு ஆட்களின் கவனக்குறைவைக் குறை சொல்வது எளிது. காரணம் அதைவிட ஆழமானது. தண்ணீர் ஏறும்போது சொல்ல ஆள் உண்டு. வடியும்போது சொல்ல ஆள் இல்லை. ஆபத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டிய அவசரம் இருக்கிறது. ஆபத்து நீங்கியவர் துணி காயவைக்கவும் சேறு அள்ளவும் போய்விடுகிறார். ஆகவே கூட்டம் திரட்டும் எந்தத் தகவல் தொகுப்பும் இயல்பாகவே ஒரு பக்கம் சாய்ந்தது; தொடக்கங்கள் குவியும், முடிவுகள் பதிவாகா. பகிர்வதற்கு எளிதாக இருக்கும் ஊடகம் இந்தச் சாய்வைப் பெருக்கிவிடுகிறது. நேற்று மாலை உண்மையாக இருந்த வாக்கியம் இன்று காலை படகை வெறும் தெருவுக்கு அனுப்புகிறது. அது பொய்யில்லை என்பதால் யாரும் அதை மறுப்பதும் இல்லை. வதந்தியைவிடக் காலாவதியான உண்மை இந்த வகைத் தகவலில் அதிகக் கேடு செய்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்வியின் வடிவத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மழை நாளில் ‘வேளச்சேரியில் தண்ணி நிக்குதா?’ என்று ஒருவர் கேட்கிறார். வேளச்சேரி ஒரு சிறு நகரம் அளவு பெரியது. ஏ.ஜி.எஸ். காலனியில் இடுப்பளவு நிற்கும்போது, மேட்டுப்பாங்கான இன்னொரு தெரு காய்ந்து கிடக்கும். ‘ஆமாம்’ என்ற பதிலும் ‘இல்லை’ என்ற பதிலும் ஒரே நேரத்தில் வரும், இரண்டும் உண்மையாக இருக்கும், கேட்டவர் குழம்பி நிற்பார். அதையே ‘விஜயநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து டான்சி நகருக்குள் டூ வீலர் இப்போது போகுமா, சைலன்சர் முங்குமா?’ என்று கேட்டால் பதிலின் தன்மையே மாறிவிடுகிறது. சைலன்சர், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று உடம்பையும் வண்டியையும் வைத்துச் சொல்லும் அளவுகளைத் துல்லியமற்றவை என்று ஒதுக்கக் கூடாது. இருட்டில், மழையில், அளவுகோல் இல்லாமல் இரண்டு பேர் பிழையின்றிப் பரிமாறிக்கொள்ளக்கூடிய அளவுகள் இவைதான். பதில் சொல்பவர் ‘நான் இங்கேதான் நிற்கிறேன், மணி ஆறே கால்’ என்ற இரண்டு துண்டுகளையும் சேர்த்துவிட்டால் போதும். மூன்று மணி நேரம் கழித்து அதைப் படிப்பவர், இதை நம்பலாமா என்று தாமே முடிவு செய்துகொள்வார்.

இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா இதை ஓர் அமைப்பாகவே கட்டிப் பார்த்தது. ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டோமாஸ் ஹோல்டர்னஸ், எட்டியென் டர்ப்பின் இருவரும் ஜகார்த்தா பேரிடர் மேலாண்மை அலுவலகத்துடன் சேர்ந்து 2014 டிசம்பரில் ‘பெத்தா ஜகார்த்தா’வைத் தொடங்கினார்கள். பிறகு அது ‘பெத்தா பென்சானா’ என்ற பெயரில் மற்ற ஊர்களுக்கும் விரிந்தது. ட்விட்டரில் யாராவது வெள்ளத்தைப் பற்றி எழுதினால் அந்த அமைப்பு அதை அப்படியே வரைபடத்தில் ஏற்றாது. எழுதியவருக்கு உடனே ஒரு செய்தி அனுப்பி, நீங்கள் வெள்ளத்தைப் பார்க்கிறீர்களா, இடத்தை இயக்கி உறுதி செய்யுங்கள் என்று கேட்கும். பின்னர் வந்த வடிவத்தில் இடம், தண்ணீரின் உயரம், புகைப்படம், ஒரு வரிக் குறிப்பு இவ்வளவுதான் கேட்கப்படும். தகவலுக்கு ஆயுள் உண்டு. நேரம் கடந்ததும் வரைபடத்திலிருந்து இறங்கிவிடும். எங்கோ நடப்பதைக் காதில் வாங்கி எழுதியவர் இந்தக் கேள்வியோடு விலகிக்கொள்வார், அங்கே நிற்பவர் தங்கிவிடுவார். கூட்டத்தின் பேச்சைச் சலித்து அதிலிருந்து சாட்சிகளை எடுக்கும் வேலையை ஒரே ஒரு எதிர்க்கேள்வி செய்துவிடுகிறது. இவ்வளவு எளிய ஏற்பாடு நம் நகரங்களில் ஏன் வேரூன்றவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

நம் அனுபவத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாம் அலையில் இந்தியா முழுவதும் கேட்கப்பட்ட கேள்வியும் இடக் கேள்விதான்: எந்த மருத்துவமனையில் இப்போது ஆக்சிஜன் படுக்கை இருக்கிறது? ‘லீட்’ என்று சொல்லப்பட்ட தொலைபேசி எண்கள் லட்சக்கணக்கில் பரவின. பல எண்கள் எடுக்கப்படவில்லை, சில எண்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள். இளைஞர்கள் தாங்களாகவே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். எண்ணை அழைத்துப் பார்த்து, ‘மாலை 4.10க்குச் சரிபார்த்தது’ என்று நேரத்தோடு எழுதினார்கள். படுக்கை நிமிடத்தில் போய்விடும் என்பதால் அதுவும் போதவில்லை. தமிழ்நாடு அரசு சென்னையில் ஒருங்கிணைந்த கட்டளை மையம் ஒன்றை அமைத்து, ‘பெட்ஸ் ஃபார் டிஎன்’ என்ற ஹேஷ்டேக்கில் வரும் கோரிக்கைகளுக்கு ட்விட்டரிலேயே பதில் தரத் தொடங்கியபோதுதான் ஒரு விஷயம் நேரானது. கேள்வி வந்த அதே இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி, பொறுப்புள்ள ஒருவர் அதை எடுத்துக்கொண்டார். தன்னார்வலர்களால் கேள்வியைக் கொண்டுசேர்க்க முடியும். படுக்கையை ஒதுக்க முடியாது. 2021 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், சமூக ஊடகத்தில் உதவி கேட்கும் குடிமக்கள் மீது நடவடிக்கை எடுத்தால் அதை நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று எச்சரித்தது. கேள்வி கேட்பதையே குற்றமாகப் பார்க்கும் போக்கு நிலவியதால்தான் அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

மனிதர்கள் பொய் சொல்வார்களே, அதைவிடக் கருவிகளை நம்பலாமே என்பது இந்த வழிக்கு எதிரான முதல் மறுப்பு. பொய் வரும். 2015இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், சென்னையில் 250 சென்டிமீட்டர் மழை வரும் என்று நாசா சொல்லிவிட்டது என்றும் பரவியது. முதலைகள் பற்றிய செய்தியைச் சென்னை முதலைப் பண்ணை வெளிப்படையாக மறுக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த இரண்டு செய்திகளிலும், ‘நான் இந்த இடத்தில் நின்று பார்த்தேன்’ என்று சொல்லும் ஆள் கிடையாது. சாட்சியைக் கேட்கும் ஏற்பாட்டில் இவை முதல் படியிலேயே விழுந்துவிடும். கருவிகளும் ஏமாறக்கூடியவைதாம். 2014இல் இஸ்ரேலின் டெக்னியான் மாணவர்கள் வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியில் இல்லாத போக்குவரத்து நெரிசலை உண்டாக்கிக் காட்டினார்கள். 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 செல்பேசிகளை ஒரு கைவண்டியில் இழுத்துக்கொண்டு பெர்லின் தெருவில் நடக்க, கூகுள் வரைபடம் அந்தக் காலித் தெருவைச் சிவப்பாக்கியது. சென்னைக்கென உருவான வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு எங்கே தண்ணீர் தேங்கக்கூடும் என்று கணிக்கும். அடைத்துக்கொண்ட ஒரு மழைநீர் வடிகாலை அது பார்க்காது. கணிப்பு எங்கே கேட்க வேண்டும் என்று காட்டட்டும், அங்கே இருப்பவர் பதில் சொல்லட்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது, அதற்கு என்னிடம் பாதி விடைதான் இருக்கிறது. செல்பேசியும் இணையமும் ஆங்கிலமும் கைவசம் உள்ளவர்களின் துயரம்தான் இந்த வரைபடங்களில் பதிவாகிறது. 2015இல் சென்னையைப் பற்றி நாடே பேசியது. அதே பருவத்தில் நவம்பர் தொடங்கியே அடிபட்ட கடலூர் மாவட்டத்தின் குரல் அந்த அளவுக்கு எழவில்லை. நகரத்துக்குள்ளும் அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களைவிட அடுக்குமாடிக்காரர்களே அதிகம் பதிவிட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. பல ஊர்களில் தொலைத்தொடர்பே அறுந்தது. அடி பலமாக விழுந்த இடத்திலிருந்து செய்தி வராது. வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் இடத்தை ‘தண்ணீர் இல்லை’ என்று வாசிப்பது கொடிய பிழை. வழக்கமாகப் பதில் வரும் பகுதியிலிருந்து திடீரென்று பதில் நின்றால், அதை ஒரு தகவலாகவே வரைபடம் காட்ட வேண்டும். அங்கே கேட்டோம், யாரும் சொல்லவில்லை என்று தனி நிறத்தில் எழுத வேண்டும். எப்போதுமே இணையத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கு இது போதாது. அவர்களிடம் கேட்க ரேஷன் கடைப் பணியாளரோ, அங்கன்வாடி ஊழியரோ, படகுத்துறை மீனவரோ வேண்டும்.

தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் ஊரறியப் போடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021இல் உதவிக்காக எண்ணைப் பகிர்ந்த பெண்களுக்கு நாட்கணக்கில் ஆபாச அழைப்புகள் வந்தன. தெருவும் நேரமும் பொதுவில் இருக்கட்டும். பெயரும் எண்ணும் நடுவில் இருப்பவரிடம் மட்டும் இருக்கட்டும். நடுவில் இப்படிப் பொறுப்பானவர் யாருமில்லாத ஏற்பாடுகளைச் சுதந்திரமானவை என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு பலவீனமும் உண்டு. இந்த ஏற்பாடுகள் எல்லாம் பிறர் நிலத்தில் போட்ட பந்தல்கள். ட்விட்டர் 2019இல் துல்லியமான இடக்குறிப்பை நீக்கியது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில், தன் தரவுகளை நிரல்கள் மூலம் இலவசமாக எடுக்கும் வசதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த மாதம் 6ஆம் தேதி துருக்கியில் நிலநடுக்கம். இடிபாடுகளுக்குள் சிக்கியவர்கள் முகவரியை எழுதிக்கொண்டிருந்தார்கள், அவற்றைத் திரட்டித் தன்னார்வ நிரலாளர்கள் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்கள்; 8ஆம் தேதி துருக்கியில் ட்விட்டரே பல மணி நேரம் முடக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ கேள்விகள் பெரும்பாலும் தெரு, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களுக்குள் போய்விட்டன. அங்கே சாட்சிகள் இருக்கிறார்கள், பதிலும் உடனே கிடைக்கிறது. பக்கத்துத் தெருக்காரருக்கு மட்டும் அது தெரியாது. சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு வரும் புகார்களும் இடமும் நேரமும் கொண்டவைதாம். அவற்றில் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு, ஆயுள் குறித்து, ஒரு பொது வரைபடத்தில் உடனுக்குடன் காட்டுவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். சென்னையில் 200 வார்டுகள் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஒவ்வொரு வார்டிலும் தண்ணீர் தேங்கும் தெருக்கள் எவை, மழை இரவில் அங்கே யாரைக் கேட்டால் பதில் வரும், அவர் செல்பேசி அணைந்துவிட்டால் அடுத்து யார் என்ற பட்டியலை ஆகஸ்டிலேயே எழுதி முடித்துவிடலாம்.